பாயும் வாயுவும் வற்றும் பெற்றோலும்

காரின் எஞ்சினுக்குள் நைற்றஸ் வாயுவைச் செலுத்தி வலுவைக் கூட்டும் பழக்கம் புலம்பெயர்ந்த எம் இளைஞர் சிலரையும் பற்றிக்கொண்டிருக்கிறது. 2001 இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய ஒரு ஹொலிவூட் கார்ப் படம் இதற்குப் பெரும் விளம்பரமாக அமைந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைகள் இன்று பிள்ளைகளைப் பெற்றுவிட்டார்கள். ஆயினும் பின் இருக்கைக்கு அருகே நீலப் போத்தல் ஒன்றைப் பூட்டிப் பார்க்கும் ஆசை அடுத்த தலைமுறைக்கும் இறங்கியிருக்கிறது.

இதுபற்றி எம்மிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. பெற்றோர் 'இது வெடிக்குமா?' என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் 'எத்தனை குதிரைவலு கூடும்?' என்று கேட்கிறார்கள். கேட்கப்படவேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை இரு சாராரும் கேட்பதில்லை. வாயு உள்ளே பாய்கிற அந்தக் கணத்தில் அதற்கு ஈடான பெற்றோலும் அங்கே வந்து சேர்கிறதா என்பதே அது. நைற்றஸ் பூட்டிய எஞ்சின்கள் அழிவதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று, வாயுவுக்கு ஈடாக வராமற் போன பெற்றோலாகும்.

இதனைப் பூட்டுங்கள் என்று நாம் எவருக்கும் சொல்ல வரவில்லை. பூட்டாதீர்கள் என்று எழுதினாலும், பூட்டும் எண்ணமே இல்லாதவர்தான் அதைப் பாராட்டி வாசிப்பார். பூட்டுவதென்று முடிவு செய்துவிட்ட பிள்ளைக்கும், அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் தந்தைக்கும் பயன்படக்கூடியதை எழுதுவதே முறையென்று கருதுகிறோம்.

வாயு செய்யும் வேலை

பாடநூல் நைதரசு ஒட்சைட்டு என்று சொல்வதை வீதி நைற்றஸ் என்று அழைக்கிறது. 1772 இல் ஜோசப் பிறீஸ்ற்லி இதனைத் தயாரித்தார். பின்னர் அது 'சிரிப்பு வாயு' என்று பெயர் பெற்றுப் பல் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தது. எஞ்சினுக்குள் அது புகுந்த கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. காற்று மெலிந்த பேருயரங்களில் விமான எஞ்சின்கள் மூச்சுத் திணறியபோது, ஜேர்மனியர் தமது மெஸர்ஸ்மித் 109, யுங்கர்ஸ் 88 போன்ற விமானங்கள் சிலவற்றில் இதைத் திரவமாக ஏற்றிச் சென்று எஞ்சினுக்குள் செலுத்தினர். ஜிஎம்-1 என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். போருக்குப் பின் அமெரிக்கக் கார்ப்பந்தயக்காரர் கைகளில் அது வளர்ந்தது.

இந்த வாயு தானாக எரிவதில்லை. பெற்றோலைப் போல இதுவும் ஓர் எரிபொருள் என்று எம்மவர் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. இது ஓர் ஒட்சியேற்றி. நாம் சுவாசிக்கும் காற்றின் நிறையில் ஏறத்தாழ 23 சதவீதமே ஒட்சிசன்; நைற்றஸின் நிறையில் 36 சதவீதம் ஒட்சிசன். ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் அது உடைந்து, கட்டியிருந்த ஒட்சிசனை விடுவிக்கிறது. ஆகவே போத்தலைத் திறக்கிறவர் எஞ்சினுக்குக் கொடுப்பது மேலதிக ஒட்சிசனை மட்டுமே. அந்த ஒட்சிசன் எரிப்பதற்கான மேலதிகப் பெற்றோலை வேறொருவர் கொடுத்தாக வேண்டும். வலுவைத் தருவது அந்தப் பெற்றோலே.

அந்தப் பெற்றோல் குறைந்தால் நடப்பது என்ன? கொல்லனின் உலையில் துருத்தியை ஊதினால் கரி எப்படிச் சீறுமோ, அதைப் போன்றதொரு நிலை சிலிண்டருக்குள் உண்டாகிறது. வெப்பம் எல்லை மீறும். தீப்பொறி பற்றவைத்த சுவாலை சென்றடையும் முன்பே, மூலையில் எஞ்சியிருக்கும் கலவை தானாக வெடிக்கத் தொடங்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் நொக்கிங் என்கிறார்கள்.

இச்சொல் எம்மில் மூத்தவர்களுக்குப் புதிதன்று. 1990 இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகிய பின், யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரினுக்கும் காபரேற்றரில் சிறிது பெற்றோலைக் காட்டி ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். பாரம் ஏற்றிக்கொண்டு அக்சிலரேற்றரை மிதித்தால் உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டுவது போல ஓர் ஓசை வரும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. சுவாலைக்குக் காத்திராமல் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அந்தப் பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் குறைந்த அமுக்க விகிதமும் சிறிய வலுவும். இன்றைய எஞ்சின் ஒன்று, அதுவும் நைற்றஸ் பாயும்போது, அந்த ஓசையைச் சில விநாடிகள்கூடத் தாங்காது. பிஸ்ரனின் வளையங்களுக்கு இடைப்பட்ட மெல்லிய வரம்பு உடையும். அல்லது பிஸ்ரனின் தலையில் துளை விழும். ஓட்டுநருக்குக் கேட்கக்கூடிய எச்சரிக்கை ஓசை வரும் முன்பே வேலை முடிந்துவிடலாம்.

கணக்கு

நைற்றஸ் ஏற்பாடுகளில் இரண்டு குலங்கள் உண்டு. 'ஈர' முறையில் வாயுவும் மேலதிகப் பெற்றோலும் தத்தமது சொலனோயிட் வால்வுகள் வழியாக ஒரே நொசிலுக்கு வந்து, காற்றோடு கலந்து உட்செல்லும். 'உலர்' முறையில் வாயு மட்டுமே அவ்வழியால் வரும். மேலதிகப் பெற்றோலை எஞ்சினின் சொந்த இன்ஜெக்ரர்களே கொடுக்கவேண்டும். இரண்டிலும் பெற்றோலின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே பொருள்கள்: துளையின் அகலம், அதன் பின்னால் நிற்கும் அமுக்கம். துளை பித்தளையில் குடையப்பட்டது, அது மாறுவதில்லை. அமுக்கமோ பம்ப், பில்டர், குழாய், ரெகுலேற்றர், பற்றறி ஆகிய அனைத்தின் தயவிலும் நிற்பது.

துளையூடு பாயும் திரவத்தின் அளவு அமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும் என்பது உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜெற்றைத் தெரிவு செய்தவர் 3 பார் அமுக்கத்தை மனதிற்கொண்டு தெரிந்திருக்கிறார் என்று கொள்வோம். ஓடும்போது அது 2 பாருக்கு இறங்கினால், பெற்றோல் 18 சதவீதம் குறையும். 2.5 பாருக்கு இறங்கினால் 9 சதவீதம். வாயுப் போத்தலுக்கு இந்தக் குறைவு தெரியாது. அது தன் பங்கைக் குறையாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

காபரேற்றர் கார்களில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே குழாயின் அமுக்கம் ஏறத்தாழ 6 இறாத்தல், அதாவது 0.4 பார் மட்டுமே. காபரேற்றரின் கிண்ணத்தில் மிதவையின் கீழ் பெற்றோல் தேங்கியிருப்பதால், அமுக்கம் சற்றுத் தளர்ந்தாலும் கார் அதை வெளிக்காட்டாது. நைற்றஸின் பெற்றோல் ஜெற்றுக்கோ அப்படி ஒரு கிண்ணம் கிடையாது. அது குழாயில் அந்தக் கணம் நிற்கும் அமுக்கத்தையே நம்பியிருக்கிறது. 6 இறாத்தல் 4 ஆகும்போது எஞ்சினின் வழமையான பெற்றோல் குறையாது. நைற்றஸுக்கான பெற்றோலில் மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமற் போய்விடும். 'கார் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது' என்று பின்னர் வியப்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

இனி எவ்வளவு பெற்றோல் தேவை என்று பார்ப்போம். ஒரு குதிரைவலுவை ஒரு மணிநேரம் பெறுவதற்கு ஏறத்தாழ அரை இறாத்தல் பெற்றோல் வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் நடைமுறைக் கணக்கு. 150 குதிரைவலு உள்ள நான்கு சிலிண்டர்க் கார் முழு வேகத்தில் மணிக்கு 45 லீற்றர் கேட்கும். அதற்கு மேலும் 50 குதிரைவலுவை நைற்றஸால் பெற விரும்பினால் இன்னொரு 15 லீற்றர். மொத்தம் மணிக்கு 60 லீற்றர். நிமிடத்துக்கு 1 லீற்றர். (உள்ளுறுப்புகள் மாற்றப்படாத நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 40 முதல் 60 குதிரைவலுவே எல்லை என்று கொள்வது வழக்கம். 100 என்று கேட்டு வருகிற பிள்ளைக்கு அதையும் சொல்லுங்கள்.) அந்த 50 குதிரைவலுவுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 20 கிராம் நைற்றஸ் செலவாகும், நாலரைக் கிலோப் போத்தல் ஒன்று நான்கு நிமிடம்கூடத் தாங்காது. இவ்வளவு செலவு இவ்வளவு சிறிய நேரத்துக்கா என்று தந்தையர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வேறு விவாதம்.

உலர் முறையின் பழைய வகை ஒன்றில், ரெகுலேற்றரின் தலையில் வாயுவின் அமுக்கத்தை ஏற்றி, இன்ஜெக்ரர்களுக்குப் பின்னால் பெற்றோல் அமுக்கத்தை உயர்த்துவார்கள். மேற்சொன்ன காரில் 150 ஐ 200 ஆக்க, பெற்றோல் மூன்றில் ஒரு பங்கு கூடவேண்டும். வர்க்கமூலக் கணக்கு இங்கே எதிராகத் திரும்புகிறது: அதற்கு அமுக்கம் 3 பாரிலிருந்து 5.3 பார் வரை ஏறவேண்டும். அமுக்கம் ஏற ஏற மின்பம்பின் பாய்ச்சல் குறையும் என்பதும் எல்லோரும் அறிந்தது. அதாவது, அதிகப் பெற்றோல் தேவைப்படும் வேளையில்தான் பம்ப் குறைவாகக் கொடுக்கும். பத்து வருடம் ஓடிய பழைய பம்புடன் இந்த முறையைப் பூட்டுவது எஞ்சினைப் பந்தயம் வைப்பதற்குச் சமன். ஊசித்துடிப்பைக் கணினியால் நீட்டிப் பெற்றோலைக் கூட்டும் இன்றைய முறை இதைவிட மேலானது. எனினும் பம்பின் இயலுமைக்கு அப்பால் கணினியாலும் எதையும் கொடுக்க இயலாது.

அளப்பது எப்போது

எஞ்சின் சும்மா இயங்கிக்கொண்டிருக்கும்போது மானியைப் பார்த்து '3 பார் இருக்கிறது' என்று திருப்தியடைவது, வரிசையில் ஆள் இல்லாத நேரத்தில் கடையில் பாண் இருக்கிறதா என்று பார்ப்பது போன்றது. பெற்றோல் பாயாதபோது எந்தப் பம்பும் நல்ல பம்பே. சொலனோயிட் திறந்து, எஞ்சினும் உச்ச அளவில் இழுத்துக்கொண்டிருக்கும்போது நிற்கும் அமுக்கமே கணக்கில் எடுக்கவேண்டியது. காபரேற்றர் ரெகுலேற்றர்களில் பாயாதபோது 7 காட்டும் மானி, பாயும்போது 5 காட்டுவது சாதாரணம். ஜெற்றை 7 க்குக் கணித்தவர் அங்கேயே தோற்றுவிட்டார்.

ஆகவே கைதேர்ந்தவர்கள் செய்வது இதுதான். நொசிலுக்குச் செல்லும் பெற்றோல் குழாயைக் கழற்றி, காரில் பயன்படுத்தப்போகும் அதே ஜெற்றை அதன் முனையில் வைத்து, அளவுகுறித்த கலமொன்றுக்குள் விடுவார்கள். வாயுப் போத்தல் மூடியிருக்கும். பெற்றோல் சொலனோயிட்டை மட்டும் திறந்து, பாய்கிற நிலையில் மானி காட்டுவதைப் பார்த்து ரெகுலேற்றரைத் திருகுவார்கள். கலத்தில் சேர்ந்த அளவையும் நேரத்தையும் கொண்டு கணக்கைச் சரிபார்ப்பார்கள். இது திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய நிலையில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, இருவராகச் செய்யவேண்டிய வேலை. அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் இதைச் செய்யும் எண்ணம் எவருக்கேனும் இருந்தால் உடனே கைவிடவேண்டும். பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது தரையோடு ஊர்ந்து சென்று எங்கோ உள்ள பொறியைத் தேடிக்கொள்ளும்.

பம்பின் முழு இயலுமையையும் இதைப்போலவே அளக்கலாம். எமது உதாரணக் கார் நிமிடத்துக்கு 1 லீற்றர் கேட்கிறது. வேலை செய்யும் அமுக்கத்தில் பம்ப் நிமிடத்துக்கு ஒன்றேகால் லீற்றராவது கொடுக்கவில்லையென்றால் அதை மாற்றுவது நல்லது. ஆனால் பம்பைக் குற்றஞ்சாட்டும் முன் அதன் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பற்றறியில் 13.5 வோல்ற்று இருக்க, பம்பின் முனையில் 12 க்கும் கீழே இருந்தால், இடையிலுள்ள மெல்லிய பழைய வயர் மிகுதியைத் தின்கிறது. பற்றறியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த வயர் ஒன்றை இழுத்து, ரிலே மூலம் பம்புக்குக் கொடுத்தால், சில வேளை புதிய பம்பின் செலவே மிஞ்சும். பின்பு பில்டர். அது எப்போது மாற்றப்பட்டது என்று காரின் சொந்தக்காரருக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. தாங்கியில் கால் பங்குக்குக் கீழே பெற்றோல் இருக்கும்போது போத்தலைத் திறக்கக்கூடாது. கார் பாய்ந்து எழும்போது பெற்றோல் பின்னால் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும்.

ரெகுலேற்றரின் உச்சியில் மெல்லிய றப்பர்க் குழாய் ஒன்று பல கார்களில் இருக்கும். அது உறிஞ்சு குழாயின் வெற்றிடத்தை ரெகுலேற்றருக்கு அறிவிப்பது. எஞ்சின் சும்மா ஓடும்போது 2.5 பார் காட்டும் மானி, அந்தக் குழாயைக் கழற்றியதும் 3 க்கு ஏறவேண்டும். ஏறவில்லையென்றால் ரெகுலேற்றரையோ குழாயையோ ஐயப்படலாம். பெற்றோல் திரும்பிச் செல்லும் குழாய் இல்லாத பிற்காலக் கார்களில் அமுக்கம் பொதுவாக 4 பாரை அண்டி நிற்கும். அவற்றுள் சிலவற்றில் கணினி பம்பின் வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், ஒரே இடத்தில் அளந்த எண்ணை நம்பி ஜெற் தெரிவு செய்ய முடியாது.

இன்னுமொன்று. பெற்றோல் பாயும் குழாயையும் மானியையும் பயணிகள் இருக்கும் பகுதிக்குள் கொண்டுவரக்கூடாது. மின்னுணரி எஞ்சின் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே வயர் மட்டும் வந்தால் போதும்.

காவலாளி

அமுக்கம் இறங்கும் கணத்தில் ஓட்டுநர் மானியைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். பார்க்கவும் கூடாது, வீதியைத்தான் பார்க்கவேண்டும். அதனால்தான் பெற்றோல் அமுக்கப் பாதுகாப்புச் சுவிட்ச் என்று ஒரு சிறு கருவி உண்டு. பெற்றோல் குழாயில் திருகப்படும் இது, குறித்த அமுக்கத்துக்கு மேலே மட்டும் மின்சுற்றை மூடி வைத்திருக்கும். நைற்றஸை இயக்கும் ரிலேயின் பூமி வயர் இதனூடாகச் செல்லும். அமுக்கம் தளர்ந்ததும் சுற்று அறும், இரு சொலனோயிட்டுகளும் மூடும், வாயு நிற்கும். 3 பார் ஏற்பாட்டில் 2.4 பாரிலும், 6 இறாத்தல் காபரேற்றர் ஏற்பாட்டில் நாலரை அல்லது 5 இறாத்தலிலும் துண்டிக்குமாறு அதைத் திருத்தி வைப்பார்கள். முழு ஏற்பாட்டிலும் மலிவான பொருள்களில் இதுவும் ஒன்று. ஆனால் பூட்டும் பட்டியலில் முதலில் வெட்டப்படுவதும் இதுவே.

இதைப் பூட்டியவர்களிலும் சிலர், ஓட்டத்தின் நடுவே நைற்றஸ் விட்டுவிட்டு வருகிறதென்று சலித்து, சுவிட்சைக் கழற்றி வயரை நேரே இணைத்துவிடுகிறார்கள். காவல் நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டுவது இதுதான். சுவிட்ச் துண்டிக்கிறதென்றால் அமுக்கம் இறங்குகிறது என்று பொருள். திருத்தவேண்டியது பம்பையும் பில்டரையும். அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பரிசோதிக்க, போத்தலை மூடி, இரு சொலனோயிட்டுகளின் வயர்களையும் கழற்றிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகச் சோதனை விளக்கொன்றை இணைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். ஏற்பாட்டை இயக்கினால் விளக்கு எரியும். பம்பின் பியூஸைப் பிடுங்கினால், எஞ்சின் நிற்கும் முன்பே விளக்கு அணையவேண்டும்.

இதனோடு சேரவேண்டிய துணைக் காவலர் இருவர். அக்சிலரேற்றர் முழுவதும் மிதிக்கப்பட்டால் மட்டும் மூடும் சுவிட்ச் ஒன்று; எஞ்சின் வேகம் ஏறத்தாழ 3,000 சுற்றுக்கு மேலேயும், உச்ச வேக எல்லைக்குச் சற்றுக் கீழேயும் மட்டும் அனுமதிக்கும் சுவிட்ச் மற்றொன்று. உச்ச எல்லையில் கணினி இன்ஜெக்ரர்களை நிறுத்தும் கார்களில், பெற்றோல் நின்றுவிட வாயு மட்டும் பாயும் நிலை உண்டாகும். குறைந்த வேகத்தில் ஈர முறையைத் திறந்தால் அதற்கு நேர்மாறான ஆபத்து: பெற்றோல் உறிஞ்சு குழாயில் தேங்கி, ஒரு தீப்பொறி பின்னோக்கி வந்தால் குழாயே வெடித்துப் பிளக்கும்.

போத்தலும் குளிரும்

பெற்றோலின் அமுக்கத்தைச் சரியாக வைத்துவிட்டு வாயுவின் அமுக்கத்தை மறந்தவரும் அதே குழியில்தான் விழுகிறார். போத்தலுக்குள் வாயு திரவமாகவே இருக்கிறது. அதன் அமுக்கம் வெப்பநிலையைப் பொறுத்தது. 0 பாகையில் ஏறத்தாழ 31 பார், 20 பாகையில் 50 பார், 30 பாகையில் 63 பார். ஜெற்றுகள் பொதுவாக 62 முதல் 68 பார் வரையிலான அமுக்கத்துக்கே கணிக்கப்படுகின்றன. ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இலையுதிர் காலத்துக் குளிரில் அமுக்கம் இறங்கினால் வாயு குறையும். வலு வராது, ஆனால் எஞ்சினுக்குக் கேடில்லை. அந்தக் குறையை நீக்கப் போத்தலைச் சூடாக்கும்போதுதான் வினை தொடங்குகிறது. 36.4 பாகைக்கு மேல் திரவம் என்ற நிலையே இல்லாது போய், அமுக்கம் கிடுகிடுவென ஏறும். 65 பாருக்குப் பதிலாக 80 பார் நின்றால், தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு வாயு கூடுதலாகப் பாயும். அதேவேளை பெற்றோல் 18 சதவீதம் குறைந்திருந்தால் இரண்டும் சேர்ந்து கலவையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வறட்சியாக்கிவிடும். தனித்தனியே தாங்கக்கூடிய இரு சிறு பிழைகள் சேர்ந்து எஞ்சினைத் தின்றுவிடும்.

சூடாக்குவதென்றால் வெப்பநிலையோ அமுக்கமோ எல்லையைத் தொட்டதும் தானாக நிற்கும் மின்சூடாக்கியே ஏற்றது. தீச்சுவாலையைப் போத்தலுக்குக் காட்டியவர்கள் உயிரை இழந்ததுண்டு. 'இது வெடிக்குமா' என்ற பெற்றோரின் கேள்விக்கான நேர்மையான விடையும் அதுவே: தானாக எரியாது, கண்டபடி சூடாக்கினால் போத்தல் வெடிக்கும். போத்தலின் வால்விலுள்ள பாதுகாப்புத் தகடு உடைந்தால் வாயு வெளியே செல்வதற்கான குழாய் காருக்கு வெளியே திறக்கவேண்டும். மூடிய காருக்குள் அவ்வளவு வாயு நிறைந்தால் ஓட்டுநர் மயங்குவார்.

எம்மவர் பல நாடுகளிலும் இருப்பதால் பெற்றோலின் தரம் பற்றியும் ஒரு வரி. ஐரோப்பியப் பம்பில் எழுதியிருக்கும் 95 உம் கனடாவின் 91 உம் ஏறத்தாழ ஒன்றே; கணிக்கும் முறை வேறு. கனடாவின் 87 ஐ ஊற்றிக்கொண்டு ஜேர்மனியிலுள்ள மைத்துனரின் அமைப்பைப் பின்பற்றுவது ஆகாது. ரைமிங்கையும் ஒவ்வொரு 50 குதிரைவலுவுக்கும் ஏறத்தாழ 2 பாகை பின்தள்ளுவது வழக்கம்.

சட்டம்

ஒன்ராறியோவில் 2007 இல் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, நைற்றஸ் போத்தல் இணைக்கப்பட்ட நிலையில் பொது வீதியில் காரை ஓட்டுவது குற்றம். போத்தல் இணைப்பிலிருந்து நீக்கப்பட்டிருக்கவேண்டும். இணைப்பும் கண்ணுக்குத் தெரியும்படி துண்டிக்கப்பட்டிருக்கவேண்டும். வால்வை மூடி வைத்திருந்தேன் என்பது அங்கே விடையாகாது. ஜேர்மனியில் அனுமதி பெறாது செய்யும் இத்தகைய மாற்றம் காரின் இயக்க அனுமதியையே இல்லாதாக்கிவிடும். பிரித்தானியாவில் 2023 நவம்பர் 8 முதல், போதைக்காக உள்ளிழுக்கும் நோக்கில் இவ்வாயுவை வைத்திருப்பது குற்றமாக்கப்பட்டது. தொழில்சார்ந்த முறையான பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. கார்களுக்கென விற்கப்படும் வாயுவில், எவரும் உள்ளிழுக்காதிருக்கவென்றே மூக்கைத் துளைக்கும் கந்தகவீரொட்சைட்டைச் சிறிதளவு கலக்கிறார்கள்.

காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காமல் பூட்டிவிட்டு விபத்துக்குள்ளானால், நட்டஈட்டை மறுக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கக்கூடும். வதிவிட அனுமதிக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பித்துக் காத்திருக்கும் வீடுகளில் இதைவிட முக்கியமான விடயம் ஒன்று உண்டு. வீதிப் பந்தயம், ஆபத்தான செலுத்துகை போன்ற குற்றத்தீர்ப்புகள் அந்தக் கோவைக்குள்ளும் போய்ச் சேரக்கூடும். உள்ளூர்ப் பிள்ளைக்கு அபராதத்தோடு முடியும் விடயம் எம் பிள்ளைக்கு அங்கேயே முடியாமற் போகலாம். நாலு நிமிட வாயுவுக்காக ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்தைப் பணயம் வைக்கத் தேவையில்லை. வாடகைக்குப் பந்தயத்தடம் திறந்துவிடும் இடங்கள் எம்மவர் வாழும் நாடுகள் பலவற்றில் உண்டு. போத்தலை அங்கே கொண்டுபோய்ப் பூட்டி, ஓடிமுடிந்ததும் கழற்றிக்கொண்டு வரலாம்.

தடத்தில் முதல் ஓட்டத்தை ஆகச் சிறிய ஜெற்றோடு ஓடவேண்டும். முழு இழுப்பில் இருக்கும்போதே எஞ்சினை நிறுத்தி, கிளச்சை மிதித்து உருண்டு வந்து நில்லுங்கள். வளைவுக்கு முன் போதிய நேர் ஓட்டம் உள்ள இடத்தில், ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளாதவாறு திறப்பை முழுவதும் திருப்பாமல் இதைச் செய்யவேண்டும். ஆறியபின் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் தூய்மையாக இருந்து, அடியில் மெல்லிய நிறக்கோடு காணப்பட்டால் அடுத்த ஜெற்றுக்குப் போகலாம். முனை நீலம்பாரித்தோ உருகியோ இருந்தால் பெற்றோல் போதவில்லை. பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போன்ற கருஞ்சாம்பற் புள்ளிகள் மின்னினால், அவை பிஸ்ரனிலிருந்து வந்த அலுமினியம். அன்று போத்தலை மீண்டும் திறக்கவேண்டாம், பம்பிலிருந்து நொசில் வரை அமுக்கத்தைப் புதிதாக அளந்துகொண்டு வாருங்கள்.